பாஸ்டனுக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் மனைவிக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருக்கும் பாஸ்டனில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தால் பிரெக்சிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கு, நாட்டிலேயே அதிகம் ஓட்டுப் போட்ட ஊர் என்று வருகிறது, கைக்குழந்தையோடு வந்து மாட்டிக்கொள்வோமா, பேசாமல் லண்டனிலேயே தேடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் 2009 முதல் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், என் மனைவியும் நர்ஸ்தான்.

நீங்கள் பார்த்த கணக்கு சரிதான். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் நாடு முழுக்க வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், பாஸ்டனில் 75.6. லண்டனில் லாம்பெத் பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்போம் என்றவர்கள் 78.6. இதில் வேடிக்கை, வெளிநாட்டில் பிறந்தவர்கள் பாஸ்டனைவிட லாம்பெத்தில் அதிகம். ஆக வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. லண்டனில் ஆள் வந்தால் கூடவே வேலையும் பணமும் வந்தது. இங்கே முட்டைக்கோஸும் காலிஃபிளவரும்தான் பிழைப்பு. 2004-ல் போலந்து, லித்துவேனியா, லாட்வியா எல்லாம் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன் உடனே கதவைத் திறந்துவிட்டது. 2011-க்குள் அந்தப் புது நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஊரில் பத்தில் ஒருவர். டாக்டர், பள்ளிக்கூடம், வாடகை வீடு எதுவும் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஒரே வீட்டில் எட்டுப் பேர் தங்கி வாடகையைப் பங்கிட்டால் உள்ளூர்க் குடும்பம் அந்த வாடகைக்கு எங்கே போகும்?

என் பக்கத்து வீட்டுத் தாத்தா வாலிபத்தில் வயலில் கோஸ் வெட்டியவர். ஓட்டு முடிந்த வாரம் வேலிக்கு மேலே ஒரு கோஸை நீட்டிக்கொண்டே "வெளியேறத்தான் போட்டேன், உன்னைச் சொல்லவில்லை" என்றார். இந்த "உன்னைச் சொல்லவில்லை" உங்களுக்கும் நிறையக் கிடைக்கும், பழகிக்கொள்ளுங்கள். அவர் மகன் காய்கறி பேக்கிங்கில் இருந்தவன், ஆள் அனுப்பும் ஏஜென்சி வந்த பிறகு நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று முதல் நாள் ராத்திரிதான் போனில் செய்தி வரும், வெறுத்துப்போய் லாரி ஓட்டப் போய்விட்டான். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது போகவேண்டிய இடம் அந்த முதலாளிகளும் ஏஜென்சியும், போய் விழுந்தது லித்துவேனியாக்காரன் மேல்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். அதே வாரம் பன்னிரண்டு மணி நேர இரவு ஷிஃப்ட் முடித்துப் பால் வாங்கப் போன என் மனைவியிடம், வரிசையில் நின்ற ஒருவர் எப்போது மூட்டை கட்டுகிறாய் என்று கேட்டார். பின்னால் நின்ற ஐந்தாறு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் வாங்காமலே வந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் இப்படி மூன்று, நான்கு தடவை நடந்திருக்கும். 2024 ஆகஸ்டில், சவுத்போர்ட் ஊரில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் வெளியிலிருந்து வந்தவன் என்று பொய்ச் செய்தி பரவி ஹல், ரோதரம், சண்டர்லாந்தில் கலவரம் நடந்த நாட்களில் மட்டும் நாங்கள் இருட்டிய பின் வெளியே போகவில்லை.

அந்த ஓட்டுக்குப் பிறகு என்ன ஆனது என்றால், ஐரோப்பியர் வரவு குறைந்து நம் பக்கத்து ஆட்களும் ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். வாக்கெடுப்புக்கு முன்பு பிரீத்தி படேல் போன்ற இந்திய வம்சாவளி அரசியல்வாதிகள், ஒன்றியத்தை விட்டால் கறி ஹவுஸ் எனப்படும் நம் பக்கத்து உணவகங்களுக்கு நம் பக்கத்துச் சமையல்காரர்களைக் கொண்டுவரலாம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள்! 2023 ஜூனோடு முடிந்த ஆண்டில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது) 9 லட்சத்தைத் தாண்டியது, நிறுத்துவதற்காக ஓட்டுப் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 2024 தேர்தலில் இந்தத் தொகுதி குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸிடம் போனது. விதிகளும் இறுகிவிட்டன: முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் 2024 மார்ச் முதல் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். நர்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் பேச்சு அரசின் 2025 மே வெள்ளை அறிக்கையிலேயே வந்துவிட்டது, அந்தக் கணக்கோடு கிளம்புங்கள்.

லண்டனா இங்கேயா? அரசு மருத்துவமனை நர்ஸ் சம்பளம் இங்கிலாந்து முழுக்க ஒரே அளவு, லண்டன் வட்டாரத்துக்கு மட்டும் கூடுதல் படி, அதை வாடகை தின்றுவிடும். என் ஓட்டு இங்கேதான். வார்டில் உங்கள் மனைவியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பாதி ஷிஃப்ட்டை நாம்தான் ஓட்டுகிறோம். நீங்கள்தான் குழந்தையோடு பகலெல்லாம் தனியாக இருப்பீர்கள், அதை யோசியுங்கள். வீட்டை மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள், இரவு ஷிஃப்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. இட்லி அரிசிக்கு நாங்கள் பீட்டர்பரோதான் போகிறோம், வந்ததும் சொல்லுங்கள், சேர்ந்தே போய் வரலாம்.