பான்யோஸில் என்ன செய்யலாம்? எக்வடோர் மலையூர் குறித்த கேள்வி பதில்

கேள்வி: கீட்டோவுக்குச் செல்லும் நாங்கள், பான்யோஸுக்கு இரண்டு நாள்கள் ஒதுக்கலாமா? ஜூலையில் செல்கிறோம்.

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். கீட்டோவிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்க, பான்யோஸ் சுமார் 1,800 மீட்டரில்தான் உள்ளது என்பதால், தலைநகரில் மூச்சு வாங்கியவர்களுக்கும் இங்கே உடல் இலகுவாகிவிடும். ஆனால் ஜூலையில் கீட்டோவில் வறண்ட காலம் என்பதை நம்பி மழைச்சட்டை இல்லாமல் வந்துவிடாதீர்கள். ஆண்டிஸின் கிழக்குச் சரிவில், அமேசான் காடுகளுக்கு வாசல்போல் அமைந்த இந்த ஊரில், காட்டிலிருந்து எழும் ஈரக்காற்று மலையில் முட்டி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில்தான் மிகுதியாக மழை பெய்கிறது. 2024 ஜூனில் ஊருக்கு அருகே ஏற்பட்ட மண்சரிவு பல உயிர்களைப் பறித்தது. எனவே தொடர்மழை பெய்யும் நாளில் அமேசான் பக்கமுள்ள புயோ நகருக்குச் செல்லும் சாலையில் இறங்குமுன் விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு செயலைத்தான் செய்ய முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: தயங்காமல் மிதிவண்டிப் பயணத்தைச் சொல்வேன். ஊரில் மிதிவண்டியை வாடகைக்கு எடுத்து, பஸ்தாசா ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்லும் அருவிச் சாலையில் ரியோ வெர்தே என்ற சிற்றூர் வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பெரும்பகுதி இறக்கம், நடுநடுவே சில ஏற்றங்கள் உண்டு. ஆகோயான் அணையைத் தாண்டியதும் வரும் முதல் சுரங்கப்பாதைக்குள் வாகனங்களோடு சேர்ந்துதான் செல்ல வேண்டும் என்பதால், பின்விளக்கு எரிகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். அதன்பின் வரும் சுரங்கங்களுக்குள் நுழையாமல், வெளிப்புறமாக மலையை ஒட்டிச் செல்லும் பழைய சாலையைப் பிடிக்க வேண்டும். அங்கே வாகன இரைச்சல் அடங்கி, ஆற்றின் ஓசை மட்டும் கேட்கும். வழியில் மாந்தோ தெ லா நோவியா அருவியைப் பார்க்கலாம்; பள்ளத்தாக்கைக் கம்பிவடத்தில் கடக்கும் தராபீத்தா என்ற கூண்டுகளிலும் ஏறலாம்.

ரியோ வெர்தேயில் வண்டியைப் பூட்டிவிட்டு இறங்கினால் பைலோன் தெல் தியாப்லோ அருவி. பழைய நுழைவாயில் வழியே சென்றால், பாறையின் தாழ்ந்த இடுக்கில் குனிந்தும் தவழ்ந்தும் அருவியின் முதுகுப்புறத்தை அடையலாம். முழுதாக நனையாமல் திரும்ப வழியில்லை. திரும்பும்போது ஏற்றத்தில் மிதிக்க வேண்டியதில்லை. மிதிவண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளும் லாரிகள் அங்கேயே காத்திருக்கும்.

கேள்வி: வெந்நீர்க் குளங்கள் அழுக்காக இருப்பதாகப் படங்களைப் பார்த்தால் தோன்றுகிறதே? அறுபது கடந்த பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: மஞ்சளும் பழுப்புமாகத் தெரிவது அழுக்கன்று; ஊருக்கு மேலே நிற்கும் துங்குராவா எரிமலையின் சூட்டில் காய்ந்து வரும் நீரில் கரைந்துள்ள கனிமங்களின் நிறம். ஊருக்குள்ளேயே, உச்சியிலிருந்து விழும் மெல்லிய அருவியின் அடியில் தெர்மாஸ் தெ லா விர்ஹென் என்ற வெந்நீர்க் குளம் உள்ளது. சற்றுத் தள்ளி எல் சலாதோ உள்ளது. வெவ்வேறு சூட்டில் குளங்களும், பக்கத்திலேயே குளிர்ந்த நீரும் இருக்கும். தலைக்குக் குல்லாய் அணியாமல் உள்ளே விடமாட்டார்கள். வாயிலில் வாடகைக்குக் கிடைக்கும். வார இறுதியில் அம்பாத்தோவிலிருந்தும் கீட்டோவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நிறைந்துவிடுவதால், வாரநாளின் அதிகாலையே உகந்தது. பெற்றோர் மிகச் சூடான குளத்தில் சில நிமிடங்களுக்கு மேல் அமர வேண்டாம். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பின்பே இறங்கட்டும்.

கேள்வி: உலகின் விளிம்பில் உள்ள ஊஞ்சல் என்கிறார்களே, அவசியம் ஆட வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் எரிமலையைக் கண்காணிக்க அமைந்த மரவீட்டில் கட்டிய ஊஞ்சல் அது. படத்தில் அதலபாதாளமாகத் தெரிந்தாலும் கீழே இருப்பது புல்சரிவுதான். மேகம் மூடாத காலையில் எரிமலையைப் பார்ப்பதற்காகப் போனால் பலன் உண்டு. படத்துக்காக வரிசையில் நிற்பது வீண்.

கேள்வி: அந்த எரிமலை இப்போதும் ஆபத்தானதா?

பதில்: 5,023 மீட்டர் உயரமுள்ள துங்குராவா 1999-இல் விழித்தபோது ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது, மக்கள் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தாங்களாகவே திரண்டு ஊர் திரும்பினார்கள். 2006 ஆகஸ்டில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தது; 2016-க்குப் பிறகு அடங்கியிருக்கிறது. கீட்டோவிலுள்ள புவியியற்பியல் நிறுவனம் தொடர்ந்து கண்காணிப்பதால், அதன் அறிக்கையைப் பார்த்துவிட்டு அச்சமின்றிச் செல்லலாம்.

கேள்வி: பாலத்திலிருந்து குதிப்பது, ஆற்றில் படகுச் சவாரி ஆகியவற்றுக்கு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: விலையை மட்டும் பார்க்காதீர்கள். பாலத்திலிருந்து குதிக்கும்போது கட்டப்படுவது மீள்தன்மையுள்ள கயிறன்று, ஊசலாடவைக்கும் கயிறு. இடுப்பிலும் மார்பிலும் தனித்தனிக் கச்சைகளும், இரண்டாவது கயிறும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பஸ்தாசாவில் படகேறும்முன் தலைக்கவசமும் உயிர்காப்புச் சட்டையும் உடலில் இறுகப் பொருந்த வேண்டும். மழை பெய்து ஆறு பெருகிய நாளில் பயணத்தை ரத்து செய்யும் நிறுவனமே நல்ல நிறுவனம்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். உருளைக்கிழங்கு மசியலுக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் யாபிங்காச்சோவைக் கேளுங்கள். தொத்திறைச்சியும் முட்டையும் சேர்த்தே பரிமாறுவது வழக்கம் என்பதால், இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லோக்ரோ என்ற கெட்டியான உருளைக்கிழங்கு சூப்பையும், இறைச்சி சேர்க்கவில்லையே என்று விசாரித்துக் குடிக்கலாம். கடைவாசல்களில் கரும்பு வெல்லப்பாகை மரக்கொக்கியில் மாட்டி, நிறம் வெளுக்கும் வரை இழுத்து இழுத்து மெல்கோச்சா மிட்டாய் செய்வார்கள். சூடு ஆறுவதற்குள் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். 2000 முதல் அங்கே அமெரிக்க டாலரே புழக்கத்தில் இருப்பதால், இத்தகைய சிறுகடைகளுக்காக ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.