வெல்வெட்டில் விழுந்த ஓட்டை

கேள்வி: வெள்ளை வெல்வெட்டில் 'பர்ன் அவுட்' பசையால் மாங்காய் வரைந்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டேன். வரைந்த இடமெல்லாம் கறுத்து, அலசும்போது அடித்துணியும் சேர்ந்து கிழிந்துவிட்டது. பசை மோசமா?
- வாசகி, ஈரோடு

பதில்: பசையைத் திட்டாதீர்கள். இஸ்திரிப்பெட்டி பிடித்த கையின் மேல்தான் எனக்குச் சந்தேகம். நானும் முதல் தடவை ஒன்றரை மீட்டர் துணியைக் கரியாக்கியவள்தான்.

பெயர்தான் பர்ன் அவுட். துணி கருகக் கூடாது. பசையிலுள்ள சோடியம் பைசல்பேட் சூடு பட்டதும் அமிலமாக வேலைசெய்து, ரேயான், பருத்தி போன்ற செடிவழி இழைகளை நொறுக்கிவிடும். பட்டு தாக்குப்பிடிக்கும். இந்த வேலைக்கென்று விற்கும் வெல்வெட்டில் பெரும்பாலும் 18 சதவீதம் பட்டு, 82 சதவீதம் ரேயான். அடித்துணி பட்டு, மேலே புசுபுசுவென்று நிற்பது ரேயான். அது உதிர்ந்தால், வரைந்த இடத்தில் மெல்லிய பட்டு மட்டும் கண்ணாடிபோல் தெரியும்.

உங்கள் துணியின் அடிப்பக்கத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு. அப்படியானால் குற்றவாளி சூடுதான். காகிதம் எரியும் வாசனை என்றால் அடித்துணியும் ரேயானோ பருத்தியோ. எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் ஓட்டைதான். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். அதைப் பசை தொடாது.

அடுத்த முறை பசையைத் துணியின் பின்பக்கம் தடவி, நன்றாகக் காயவிட்டு, கம்பளிக்கு வைக்கும் சூட்டில் தேயுங்கள். வரைந்த இடம் பிஸ்கட் நிறத்துக்கு வந்ததும் பெட்டியை எடுத்துவிட வேண்டும். கறுக்கும்வரை காத்திருந்தால் பட்டும் போகும். பிறகு கையுறையோடு தண்ணீரில் கசக்கினால் ரேயான் தூளாகக் கழன்றுவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசமும் அணியுங்கள். அந்தப் புகை தொண்டையைப் பிடிக்கும். முதலில் கையகலத் துண்டில் பார்த்துவிட்டுத்தான் பெரிய துணி!

கேள்வி: அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் இதைச் செய்யலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். இரண்டு வகை இழை இருந்தால்தான் ஒன்று போய் ஒன்று நிற்கும். பட்டைக் கரைத்தும் வேலை நடந்திருக்கிறது: 1880-களில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் பட்டுத்துணிமேல் பருத்தி நூலால் பூவேலை செய்து, பட்டை மட்டும் ரசாயனத்தில் கரைத்து, மிஞ்சிய நூலை லேஸாக விற்றார்கள். அம்மா புடவைக்கு அந்தக் கதி எதற்கு? குஷன் உறை தைத்துக்கொள்ளுங்கள்.