டி.டி.பி. படிக்க எங்கே அனுப்பலாம்?

கேள்வி: மகள் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். படம் திருத்துவது, அழைப்பிதழ் வடிவமைப்பது எல்லாம் அவளுக்கு விருப்பம். தொழில்நுட்பக் கல்லூரியில் டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்கம் அமைத்தல்), டிஜிட்டல் படத் தொழில்நுட்பம் படிக்க விடலாமா, மூன்று மாதத் தனியார் வகுப்பு போதுமா? – ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: கல்லூரிக்கே அனுப்புங்கள். போட்டோஷொப்பையும் இன்டிசைனையும் கெட்டிக்காரப் பிள்ளை மூன்று மாதத்தில் பழகிவிடும், அது உண்மைதான். ஆனால் அச்சகத்துக்குத் தேவை மென்பொருள் தெரிந்தவர் மட்டுமல்ல, அச்சுத் தகடான பிளேட் போட்ட பிறகு பிழை வராமல் கோப்பு தயாரிக்கத் தெரிந்தவர்.

மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியின் வரலாறு 1893இல் தொடங்குகிறது. நேரில் போய், பாடநெறி தேசிய தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம், எந்த மொழியில் நடக்கிறது, அச்சகத்தில் பயிற்சி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். 4ஆம் மட்டச் சான்றிதழ் இருந்தால் பிறகு 5, 6ஆம் மட்ட டிப்ளோமாவுக்குப் போக வழி இருக்கிறது. பயிற்சி இல்லாத பாடநெறி என்றால் நான் யோசிப்பேன்.

படங்களைப் பற்றி ஒன்று. அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டு எனும் நினைவு மலருக்குப் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வந்த படத்தைத்தான் தருவார்கள். 1200 பிக்சல் அகலப் படம், அச்சுக்கு வேண்டிய, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற தெளிவில், 4 அங்குலத்துக்குத்தான் காணும். அதை முழுப் பக்கத்துக்கு இழுத்தால் இறந்தவரின் முகமே கலங்கிவிடும். அப்படி வந்த ஒரு மலரை அவருடைய மகன் கையில் வைத்துத் தடவிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மூலப்படத்தைக் கேட்டு வாங்குவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

அப்புறம் தமிழ். இதைக் கல்லூரியில் சொல்லித் தராவிட்டாலும் மகள் கட்டாயம் கற்க வேண்டும். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை மாற்றினால் அவை அப்படியே வெளியே வந்துவிடும். தேடவும் முடியாது, இணையத்தில் போடவும் முடியாது. பலர் விடாமல் வைத்திருக்கும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, எழுத்துரு மாறினாலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் யூனிகோட் முறை அதற்குத் தெரியாது. இன்டிசைனில் யூனிகோட் தமிழை ஒட்டி, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால் பயப்பட வேண்டாம். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவு செய்தால் சரியாகிவிடும். பாமினி, யூனிகோட் என்ற இரண்டு முறையும் தெரிந்து, பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்கும் பிள்ளையை எந்த அச்சகமும் விடாது. சிங்களத் தட்டச்சும் சேர்ந்தால் இன்னும் நல்லது, கொழும்பில் ஒரே துண்டுப்பிரசுரத்தில் மூன்று மொழியும் வரும்.

வண்ணம் பற்றிக் கவலை வேண்டாம், திரையின் நிறம் மையில் அப்படியே வராது என்பதை முதல் மாதிரி அச்சிலேயே கண்டுகொள்வாள்.

சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் ஒரு பழைய கோயில் திருவிழா அறிவித்தல் இருக்கும். அதை யூனிகோடில் முழுக்க அடித்து, சுற்றிவர தாளை வெட்டும்போது போகும் 3 மில்லிமீற்றர் வெட்டு இடம் விட்டு, பி.டி.எஃப். ஆக்கச் சொல்லுங்கள். பிறகு தெரிந்த அச்சகத்தில் கொண்டுபோய்க் காட்டட்டும்.