கையெழுத்துக்கு முன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குத் தேவகோட்டைப் பக்கம். காரைக்குடியில் ஞாயிறுதோறும் கூடும் ஒரு வாசிப்பு வட்டத்துக்கு மூன்று வருடமாகப் போய் வருகிறேன். அரிஸ்டாட்டில், காண்ட், ஜான் ஸ்டூவர்ட் மில், கொஞ்சம் நியாய தரிசனம் என்று முடிந்தவரை படித்தோம்.

இப்போது எங்கள் பூர்வீக வீடு விலைக்கு வந்திருக்கிறது. கொள்ளுப் பாட்டனார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் கட்டிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் இருக்கிறது, இருக்க ஆள்தான் இல்லை. பங்காளிகள் 14 பேர். 11 பேர் விற்றுவிடலாம் என்கிறார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் வேண்டாம் என்கிறோம். வாங்க வந்திருப்பவர் தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு மனையைத் தனியாக விற்பார். ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்றுகிற செலவு வருகிறது, பாதிப் பேர் பணம் அனுப்புவதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் 31 வருடமாகக் குடும்பத்தோடு பின்கட்டில் இருக்கிறார். அங்கே கடைசியாக நடந்த கல்யாணம் என் தங்கச்சியுடையது. அதற்குப் பிறகு முன்னோருக்கு வைக்கிற படைப்புக்கு மட்டும்தான் திறக்கிறோம்.

போன மாதம் எல்லோரும் கூடியபோது பெரியப்பச்சி என்னைப் பார்த்து, "நீதானப்பா தத்துவமெல்லாம் படிக்கிறவன், நியாயத்தைச் சொல்லு" என்றார். எனக்கு வாய் எழவில்லை. "பாட்டனார் வேர்வை சிந்திச் சேர்த்தது, விற்பது துரோகம்" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம். குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் சண்டை. அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து என்கிறார்கள். ஒரு வீட்டை விற்கலாமா கூடாதா என்று சொல்லத் தெரியாத தத்துவத்தை எதற்காகப் படிக்க வேண்டும்?

பெயர் வேண்டாம், அக்கா.

தேவகோட்டை வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை வீடு மட்டும் தெரிந்தது. நாலாவது முறை ஒரு கணக்கு உறுத்தியது. 14 பேர் என்கிறீர்கள். விற்கச் சொல்கிற 11 பேர், வேண்டாமென்கிற மூன்று பேர், கணக்குச் சரியாக இருக்கிறது. தங்கச்சி எந்தப் பக்கம்? அந்த வீட்டில் கடைசியாகக் கல்யாணமானவர் என்று ஒரு வரியில் வந்துபோகிறார். 11இலும் இல்லை, மூன்றிலும் இல்லை.

நீங்கள் வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் இதை முதலில் எடுக்கிறேன். "பங்காளி" என்ற சொல்லே ஆணை மட்டும் எண்ணுகிற சொல்லாக நம் வாயில் பழகியிருக்கிறது. விற்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு முன்னால், அதைக் கேட்டுப் பதில் சொல்ல உரிமையுள்ளவர்கள் யார் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவே இல்லை. 14 என்று எழுதியபோது பதிலையும் சேர்த்தே எழுதிவிட்டீர்கள். மூன்று வருடப் படிப்பு பெரியப்பச்சி கூட்டிய கூட்டத்தில் உதவியிருக்க வேண்டுமென்றால், இந்த இடத்தில் உதவியிருக்க வேண்டும்.

சட்டம் இதில் உங்களைவிட முன்னால் போய்விட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது. அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது என்ற ஒரு குறை இருந்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. அந்த வருடம் செப்டம்பர் 9ஆம் தேதி தகப்பனார் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை, உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை நடந்து முடிந்திருந்தால் கதை வேறு. உங்கள் பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கு மேல் இதை நான் பேசப்போவதில்லை.

ஏனென்றால், "அவளுக்குத்தான் சீர் செய்தாச்சே" என்று உங்கள் வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அதைத் தட்டிவிடாதீர்கள், அது ஒரு வாதம். வைரம், வெள்ளி, பாத்திரம் என்று செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணோடு போகிற சாமானை வீட்டில் வரிசையாகப் பரப்பிவைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அது சின்ன மதிப்பு இல்லை. ஆனால் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். அதே காலத்தில் பையன்களின் இன்ஜினியரிங் படிப்புக்கும் வெளிநாட்டு டிக்கெட்டுக்கும் வீடு செலவழித்தது. அது பங்கில் கழிந்ததா? கழியவில்லையென்றால், ஒருத்திக்குக் கொடுத்தது மட்டும் ஏன் கழிகிறது? சீரை வாங்கிக்கொண்டால் வீட்டில் பேச்சில்லை என்று அவரிடம் யாராவது அன்றைக்குச் சொன்னார்களா? இரண்டு பக்கத்துக்கும் ஒரே தராசு என்பதுதான் காண்ட் சொன்னதில் எனக்கு என்றும் உதவுகிற பகுதி. மற்றதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

இனி வாட்ஸப் சண்டை. நியாய தரிசனம் படித்தோம் என்கிறீர்கள். பெரியப்பச்சி "நியாயத்தைச் சொல்லு" என்றாரே, அவர் கேட்டது நீதியை. நீங்கள் படித்தது தர்க்கத்தை. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பேச்சை மூன்றாகப் பிரிக்கும் தரிசனம் அது. உண்மையைத் தெரிந்துகொள்ள இருவர் பேசினால் வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே வேலை என்றால் விதண்டை. மூன்றாவதை "விதண்டாவாதம்" என்று சந்தையில் கீரை விற்பவர்கூடச் சொல்கிறார். உங்கள் குழுவில் ஒரு வாரம் வந்ததை எடுத்து, ஒவ்வொன்றும் இந்த மூன்றில் எது என்று பாருங்கள். உங்களுடையதையும் சேர்த்து. "துரோகம்" என்றீர்களே, அது எதில் சேரும்? எனக்கு அது ஜல்பமாகத்தான் படுகிறது. அந்தச் சொல் விழுந்த பிறகு எதிரில் இருப்பவர் ஒன்று அடங்க வேண்டும், இல்லையென்றால் அடிக்க வேண்டும். யோசிக்க அவருக்கு இடமில்லை.

அந்த வாக்கியத்துக்குள்ளேயே இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம். பாட்டனாரின் வேர்வை என்றீர்கள். அவர் கப்பலேறியது, குடும்பத்தைப் பிரிந்து வருடக்கணக்கில் இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் பர்மாவிலிருந்து வந்த தேக்கை நிறுத்திய வேர்வை அவருடையது மட்டும்தானா? 1930இல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நிலத்தின் 6 சதவீதம் அளவுக்கு உங்கள் சமூகமான நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதமாயிற்று. யாரும் திட்டம் போட்டு அபகரித்ததில்லை. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்த வட்டிக்கடைக்கு வந்தது. பல முதலாளிகளுக்கு அந்த நிலம் வேண்டவே வேண்டாம், பணம்தான் வேண்டும். ஆனாலும் நிலத்தை இழந்தவனுக்கு அது இழப்புதான். பிறகு 1942இல் ஜப்பான்காரன் வந்தான், காடு மலை வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதை நம் பக்கம் எந்தத் தெருவிலும் உண்டு. சுதந்திர பர்மாவில் நிலங்களும் போயின. பறிகொடுத்தவர்களாக அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குப் பத்து வருடம் முன்பு பறிகொடுத்த பர்மிய விவசாயி நம் நினைவில் எங்கும் இல்லை.

உங்கள் பாட்டனார் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. அவர் எப்படி நடந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் "வேர்வை சிந்தியவருக்கு உரிமை" என்பதை ஒரு கொள்கையாக எடுத்தால், அது நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நிற்காது. ஐராவதி ஆற்றங்கரை வயல் வரைக்கும் போகும். திரும்பி வந்து உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் நுழையும். அங்கே 31 வருடமாக ஓட்டுக்கு மேல் ஏறி இறங்குகிறவர் ஒருவர் இருக்கிறாரே.

அவரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

அதிகம் பேருக்கு அதிக நன்மை என்கிற மில் வழியில் கூட்டிக் கழித்தால் 14 குடும்பத்தின் நன்மைக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் கஷ்டம் சின்னது. அந்தக் கணக்கே எனக்குப் பிடிக்காது, ஆனால் அதையாவது நேர்மையாகப் போட வேண்டும். உங்களில் ஒருவருக்கு இந்தப் பணம் இன்னொரு முதலீடு. பின்கட்டில் இருப்பவருக்கு இது வயதான காலத்தில் கூரை. ஒரே ரூபாய் இரண்டு கையில் ஒரே எடை இல்லை. இதைப் புரிந்துகொள்ள உங்கள் சமூகத்துக்கு மில் தேவைப்படவில்லை. கோயிலுக்குப் பணம் திரட்டும்போது கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளியாக எண்ணி எல்லோருக்கும் சமமாகப் போட்டது புள்ளி வரி. வசதிக்குத் தக்கபடி போட்டது ஆஸ்தி வரி. சமம் என்பது ஒரு நியாயம், சக்திக்கேற்ப என்பது வேறொரு நியாயம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தவர்கள் உங்கள் முன்னோர். ஓடு மாற்றும் செலவைப் பதினாலாக வகுத்துவிட்டு, சிங்கப்பூர்க்காரரும் ஊரில் சின்னக் கடை வைத்திருப்பவரும் ஒரே தொகை அனுப்பவில்லை என்று கோபப்பட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அரிஸ்டாட்டில் ஓரிடத்தில் லெஸ்போஸ் தீவுக் கொத்தர்களின் ஈய அளவுகோலைச் சொல்வார். கல் எப்படி வளைகிறதோ அப்படி அந்தக் கோலும் வளையும். பொதுச்சட்டம் பொருந்தாத இடத்தில் நியாயம் அப்படி வளைய வேண்டும் என்பதற்கு அது உவமை. இரும்புக் கோலை வைத்தால் பின்கட்டுக்காரருக்குப் பங்கு கிடையாது, பத்திரத்தில் பேர் இல்லை. ஈயக் கோல் வேறு அளவு காட்டும்.

என் அப்பா ஆசாரி. எண்பதுகளின் கடைசியில் செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கிற வேலைக்கு அவரைக் கூப்பிடுவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நீங்கள் பார்க்கிற நிலைகளில் சில அவர் கையால் கழற்றியவையாக இருக்கும். கழற்றும்போது இழைத்தவனை நினைத்துக்கொள்வேன் என்பார். பள்ளி விடுமுறையில் அவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவேன். ஒருநாள் ஒரு வீட்டில் சாமானெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, வளவுத் தூணருகே உட்கார்ந்திருந்த வயதான ஆச்சியிடம், "ஆரம்பிக்கலாங்களா ஆச்சி" என்று கேட்டார். எப்போதும் கேட்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த ஆச்சி, "என்னைய யாரும் கேக்கலையே அப்பு" என்றார். அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உளி, சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைய கூலி போயிற்று. கூப்பிட்டவர் அதன்பின் எந்த வேலைக்கும் அப்பாவைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் வேறு ஆசாரி வந்து அந்த வீட்டைப் பிரித்தார்.

அப்பா அன்று செய்ததால் என்ன பயன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வீடு போய்விட்டது. ஆனால் அந்த ஆச்சி அந்த வீட்டில் ஒரு ஆள் என்று நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். நீங்கள் படிக்கிற தத்துவத்தை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அதனால் அது வீட்டைக் காப்பாற்றும் என்று உங்களிடம் சொல்ல என்னால் முடியாது.

வீட்டைப் பற்றி என் எண்ணம் கேட்டால் சொல்கிறேன். விற்பது பாவமில்லை. வருடத்துக்கு ஒருநாள் படைப்புக்குத் திறந்து மற்ற நாள் வௌவாலுக்கு விடுவதைவிட, அந்தத் தேக்கு இன்னொரு வீட்டில் நிற்பது மரத்துக்கும் நல்லது. மனமிருந்தால், பிரிக்காமல் வாங்குகிற ஒருவரைத் தேட ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம். படைப்பை எந்த வீட்டில் வைப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், அதில் நான் நுழைய மாட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் தங்கச்சிக்குப் போன் செய்யுங்கள். கையெழுத்து வாங்க வேண்டாம், என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். அவர் விற்கச் சொன்னாலும் சொல்லலாம், கேட்ட கேள்வி வீணாகாது. மற்ற 13 வீடுகளிலும் கூடப் பிறந்த பெண்கள் இருப்பார்கள். அவர்கள் பெயரை எழுதி வையுங்கள், கூட்டத்தில் "நாம் 14 பேர் இல்லை" என்று தொடங்குங்கள்.

பிறகு பின்கட்டுக்குப் போய் உட்காருங்கள். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்கள் பக்கமே யாராவது சொல்வார்கள், "மகமை மாதிரி கொஞ்சம் எடுத்து வைப்போம்" என்று. நல்ல மனதோடுதான் சொல்வார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். மகமை தர்மத்துக்கு எடுத்து வைப்பது. இது 31 வருட மழைக்கும் வெயிலுக்கும் வீடு பட்ட கடன். பாட்டனாரின் பேரேட்டில் கடன் எந்தப் பக்கம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பங்கு பிரிப்பதற்கு முன்னால் அங்கே எழுதச் சொல்லுங்கள். தொகை எவ்வளவு என்பதை அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா