இரவு 8 மணிக்குக் கோட்டை வாசல் மூட வேண்டும்: மட் ஸ்கிரிப்ட் கேள்வி பதில்

மட் என்றால் எழுத்திலேயே பலர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. அதில் நேரம் பார்த்து வழிமறிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் டிபிஏமட், கொஞ்சம் எவென்னியா; இரண்டும் மட் கட்ட உதவுகிற மென்பொருள்கள்.

அண்ணா, இரவு 8 முதல் காலை 6 வரை கோட்டைக்குள் யாரும் வரக்கூடாது. 'மணி 20-க்குக் குறையக்கூடாது, மற்றும் 6-க்குக் கீழ் இருக்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டேன். ஒருத்தரையும் தடுக்கவில்லை.

20-க்குக் குறையாமலும் 6-க்குக் கீழேயும் இருக்கிற எண் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்! நள்ளிரவைத் தாண்டுகிற நேரத்துக்கு 'அல்லது'தான் போட வேண்டும். பகல் 9 முதல் 17 வரை என்றால் 'மற்றும்' சரி. மாற்றிவிட்டு 19, 20, 23, 0, 5, 6 ஆகிய மணிகளில் நடந்து பாருங்கள். தப்பு எப்போதும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

மாற்றிவிட்டேன். இப்போது எப்போதாவது தடுக்கிறது, பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

ட்ரிகரில், அதாவது ஏதாவது நடந்ததும் தானே ஓடுகிற ஸ்கிரிப்டில், எண் கேட்கிற இடத்தில் 20 என்று போட்டிருப்பீர்கள். குறித்த மணிக்கு ஓடுகிற டைம் ட்ரிகரில் அந்த எண் மணியைக் குறிக்கும். ஆள் அறைக்குள் நுழையும்போது ஓடுகிற என்டர் ட்ரிகரில் அது எத்தனை சதவீதம் ஓட வேண்டும் என்பது. உங்கள் காவலன் நூற்றுக்கு 20 பேரைத்தான் பார்க்கிறான், மற்ற நேரம் தூங்குகிறான். 100 என்று போடுங்கள்.

டைம் ட்ரிகரே வைத்து 20 மணிக்குக் கதவைப் பூட்டி, 6 மணிக்குத் திறந்துவிட்டால் எளிதாக இருக்காதா?

எளிதாகத்தான் தெரியும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். 20 மணிக்குக் கதவு அழகாகப் பூட்டிக்கொண்டது. நடு இரவில் அந்தப் பகுதிக்கு ஜோன் ரீசெட் வந்தது, அதாவது விளையாட்டு அந்தப் பகுதியை அவ்வப்போது பழைய நிலைக்குத் திருப்பி வைப்பது. ஜோன் கோப்பில் கதவு 'திறந்தது' என்று எழுதியிருந்ததால் ரீசெட் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போனது. திருடர் கூட்டம் ஒன்று அதைக் கண்டுபிடித்து, ரீசெட்டுக்காக வாசலிலேயே உட்கார ஆரம்பித்தது. அதே போல 21 மணிக்கு சர்வர் விழுந்து எழுந்தால், 20 மணிக்குப் போட்ட பூட்டும் போய்விடும், மறுபடி பூட்ட அடுத்த 20 மணி வர வேண்டும்.

அதனால் கதவின் நிலையை நம்பாதீர்கள். ஆள் வாசலில் கால் வைக்கிற அந்த நொடியில் மணி என்ன என்று கேளுங்கள். உள் அறையில் ஒரு என்டர் ட்ரிகர் போதும்: இரவு என்றால் ஆளுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு ஸ்கிரிப்ட் 0 என்று பதில் திருப்பினால் (ரிட்டர்ன் 0) அவர் உள்ளே வர முடியாது. அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். எதுவும் சொல்லாமல் தடுத்தால் 'வடக்கு, வடக்கு, வடக்கு' என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். 'விடிந்ததும் வாருங்கள்' என்றாவது இருக்கட்டும். டைம் ட்ரிகரை மணியடிக்கிற சத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையாகப் பொருந்தும்.

10 மணி நேரம் வாசல் மூடியிருந்தால் ஆட்டக்காரர்கள் ஓடிவிட மாட்டார்களா?

டிபிஏமட் பிறந்த டிக்குமட் வம்சத்தில் விளையாட்டின் ஒரு மணி என்பது நம்முடைய 75 விநாடி. ஒரு நாள் முழுக்க 30 நிமிடம். ஆக உங்கள் 10 மணி இரவு பன்னிரண்டரை நிமிடம்தான். டீ குடித்துவிட்டு வந்தால் விடிந்திருக்கும்.

எவென்னியாவில்தான் யோசிக்க வேண்டும். அங்கே டைம் ஃபேக்டர் இயல்பாக 2, அதாவது கடிகாரம் இரண்டு மடங்கு வேகம். 10 மணி என்றால் நிஜத்தில் 5 மணி நேரம். அதைவிட மோசம், நம்முடைய ஒரு நாளில் அங்கே சரியாக இரண்டு நாள் முடிகிறது. வேலை முடிந்து தினமும் இரவு 9-க்கு உட்காருகிறவருக்கு விளையாட்டில் தினமும் ஏறக்குறைய அதே மணிதான். அது இரவாக அமைந்தால் அவர் கோட்டையையே பார்க்கப்போவதில்லை. 2.5 என்று வையுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 12 மணி தள்ளி விழும்.

என் காவலனே வெளியே மாட்டிக்கொண்டான்!

என்டர் ட்ரிகர் மாப்களுக்கும், அதாவது கணினி ஓட்டுகிற பாத்திரங்களுக்கும், ஓடும். வருவது ஆட்டக்காரர்தானா என்று முதல் வரியில் பாருங்கள்.

எவென்னியாவில் எக்ஸிட்டுக்கு (அறைக்கு அறை போகிற வழிக்கு) யார் கடக்கலாம் என்று சொல்கிற ட்ராவர்ஸ் லாக் போட்டு, அதற்கு மணி பார்க்கிற லாக் ஃபங்ஷனும் எழுதினேன். இரவிலும் நான் தாராளமாகப் போய்வருகிறேன்.

எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராக நடக்கிறீர்கள், எந்த லாக்கும் உங்களைக் கேட்காது. அந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிற குவெல் கட்டளை கொடுத்துவிட்டு நடங்கள், அல்லது சாதாரணக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக நான் ஒரு சாயங்காலம் முழுக்க சரியாகவே இருந்த நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

வழியே மெதுவாக இருக்க வேண்டும், சேற்றில் நடக்கிற மாதிரி?

எவென்னியாவோடு வருகிற ஸ்லோ எக்ஸிட் கான்ட்ரிப்பை (கூடுதல் நிரல் தொகுப்பை) பாருங்கள். நடை, ஓட்டம் என்று வேகம் வைக்கலாம், பாதியில் நிற்கவும் முடியும். ஆனால் சர்வரை ரீலோட் செய்தால் பாதி நடை காணாமல் போகும், ஆள் கிளம்பின இடத்திலேயே நிற்பார். சில விநாடி நடைக்கு அது பரவாயில்லை. மூன்று மணி நேரக் கப்பல் பயணத்துக்கு இதைத் தொடாதீர்கள், சேரும் நேரத்தை டேட்டாபேஸில் எழுதி வைத்துச் சோதியுங்கள்.

நடக்காமலே இடம் மாற்றுகிற ரீகால் மந்திரம் போட்டு உள்ளே வந்துவிடுகிறார்களே?

அவர்கள் வாசல் வழியாக வருவதில்லை, அதனால் என்டர் ட்ரிகருக்குத் தெரியாது. நான் அதை அடைப்பதில்லை. மந்திரம் கற்றவனுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எதற்குக் கற்றான்? உள்ளே இரவில் சுற்றுகிற ஒரு முரட்டுக் காவலனை விட்டுவைத்திருக்கிறேன், அவன் பார்த்துக்கொள்வான்.