கோப்ரியாவும் குப்பம்மாளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் கரிக்கட்டையாகிப்போன, ஹெர்குலேனியம் என்ற பழைய ரோமானிய நகரத்தின் சுருள்களைப் பிரிக்காமலேயே கணினியின் துணையோடு வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து பாப்பிரஸ் (எகிப்திய நாணல் தாள்) சுவடிகளைப் பற்றித் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ் எழுதிய 120க்கும் மேற்பட்ட நாடகங்களில் ஏழுதான் முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. மற்றவை இனியாவது கிடைக்குமா? எகிப்தில் ஆக்சிரின்கஸ் நகரின் குப்பைமேடுகளிலிருந்து சுமார் ஐந்து லட்சம் துண்டுகள் எடுக்கப்பட்டும் அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இலக்கியம் என்று அறிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. மீதமெல்லாம் வரி ரசீது, குத்தகைச் சீட்டு, வீட்டுக் கடிதம். நம் முசிறியின் பெயர் வரும் ஒப்பந்தத்தைப் போன்ற ஒன்றிரண்டைத் தவிர்த்தால், இந்தக் குப்பைக்காக அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்தது வீண் அல்லவா? அந்தக் காலத்தைக் களமாக வைத்து நாவல் ஒன்று எழுத முயல்கிறேன். எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘குப்பை’ என்ற ஒரு சொல்லுக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். சென்ற மாதம் ஊரில் எங்கள் பழைய வீட்டின் பரணை ஒழித்தபோது ஒரு பொருள் கையில் அகப்பட்டது. அன்றிலிருந்து இதைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹெர்குலேனியம் சுருள்களிலிருந்து சோஃபோக்ளிஸ் வருவாரா என்பதற்கு ஆரூடம் சொல்ல நான் ஆளில்லை. அந்தச் சுருள்கள் கிடைத்த மாளிகையில் இதுவரை வாசிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி ஃபிலோடீமஸ் என்ற எபிக்யூரியத் தத்துவவாதியின் நூல்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். முசிறி ஒப்பந்தத்தைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. வியன்னாவில் இருக்கும் அந்த 2ஆம் நூற்றாண்டுத் தாளின் ஒரு பக்கம் ஒரு கடன் பத்திரம், மறுபக்கம் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு. நம் ஊரின் பெயர் இருப்பதால் ஒரு கடன் பத்திரத்தைப் பொக்கிஷம் என்கிறீர்கள், இன்னொருவர் ஊரின் கடன் பத்திரத்தைக் குப்பை என்கிறீர்கள். இது வாசகருக்கு அழகல்ல, நாவல் எழுத வந்தவருக்கு நிச்சயம் அழகல்ல.

பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைச் சரியாகப் பிடித்த நீங்கள், அந்த ஒரு பங்கு எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்று ஏன் கேட்கவில்லை? அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’ பல நூற்றாண்டுகள் தொலைந்தே கிடந்து, 1891இல்தான் அச்சேறியது. அது எதில் எழுதப்பட்டிருந்தது தெரியுமா? எபிமாகஸ் என்ற நிலக்கிழாரிடம் காரியம் பார்த்த டிடிமஸ், கி.பி. 78, 79ஆம் ஆண்டுகளின் வரவு செலவை எழுதி முடித்த சுருள்களின் பின்பக்கத்தில். காரியக்காரர் கணக்கு எழுதினார், கணக்கு காலாவதியானது, வெற்றுப் பக்கம் வீணாகக் கூடாது என்று எவரோ அதில் நூலைப் பிரதி செய்துகொண்டார். கூலியாட்களின் சம்பளத்தை எழுதியிருந்த அந்தச் சுருள்கள் இல்லாவிட்டால் நீங்கள் தேடும் இலக்கியத்துக்கு உட்கார இடமே கிடைத்திருக்காது.

இன்னொன்று கேளுங்கள். 1905இல் எகிப்தில் கோம் இஷ்காவ் என்ற ஊரில் ஒரு தாழி கிடைத்தது. அது 6ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த டயாஸ்கொரஸ் என்ற வழக்கறிஞருடையது. அவர் கவிஞரும்கூட. தாழிக்குள் அவர் பத்திரப்படுத்தியிருந்தவை பத்திரங்களும் வழக்குக் காகிதங்களும். அவற்றுக்கு மேலே மூடாக்காகக் கிடந்த கிழிந்த ஏடுகள் கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் மெனாண்டரின் நாடகங்கள்! நாம் எதைக் காப்பாற்றத் துடிக்கிறோமோ அதைக் கொண்டு, நாம் எதைக் குப்பை என்கிறோமோ அதை அந்தக் கவிஞர் மூடிவைத்திருந்தார். அவரை ரசனையற்றவர் என்று சொல்லிவிடாதீர்கள். பத்திரம் தொலைந்தால் நிலம் போய்விடும் என்று அறிந்த மனிதர் அவர்.

கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரு இளம் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் 1896ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆக்சிரின்கஸுக்குப் போனார்கள். மழை அரிதான பாலைவன விளிம்பு, ஒன்பது மீட்டர் வரை உயர்ந்த மேடுகள், நூற்றாண்டுக் கணக்கில் நகரம் கூடை கூடையாகக் கொட்டியவை. அங்கிருந்து கிரேக்கக் கவிஞர்களான சாப்போவும் பிண்டாரும் வந்தார்கள் என்பதை நீங்கள் எங்கும் வாசித்துக்கொள்ளலாம். அந்தச் சுவடிகளை அச்சிட்டு 1898இல் வெளிவந்த முதல் தொகுதியிலேயே ஒரு சிறுவனின் கடிதம் இருக்கிறது. அதை வாசித்தீர்களா?

அவன் பெயர் தியோன், தந்தை பெயரும் தியோன். கி.பி. 2ஆம் அல்லது 3ஆம் நூற்றாண்டு. என்னை நகரத்துக்குக் கூட்டிப்போகாமல் விட்டுவிட்டீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள் என்று தொடங்குகிறான். அலெக்சாந்திரியாவுக்கு அழைத்துப்போகாவிட்டால் கடிதம் எழுத மாட்டேன், பேச மாட்டேன், உங்கள் கையைத் தொட மாட்டேன் என்கிறான். ‘இவன் என்னைப் பைத்தியமாக்குகிறான், அழைத்துக்கொண்டு போ’ என்று அம்மா ஒருவரிடம் சொன்னதையும் தானே எழுதிவிடுகிறான். ஒரு யாழ் வாங்கி அனுப்புங்கள், கெஞ்சிக் கேட்கிறேன், அனுப்பாவிட்டால் சாப்பிட மாட்டேன், தண்ணீர் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான். எழுத்துப்பிழை மலிந்த கடிதம். தன் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறான், அதனால்தான் அவன் காலத்து மக்கள் கிரேக்கத்தை எப்படி உச்சரித்தார்கள் என்பது பிழையில்லாத பிரதிகளைவிட இதில் தெளிவாகத் தெரிகிறது. கிரேக்கத் துன்பியல் நாடகங்களிலும் குழந்தைகள் பேசுகிறார்கள், ஆனால் சாவும் துயரமும் நிறைந்த மேடையில் பெரியவர்களின் செய்யுளில் பேசுகிறார்கள். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பையனை அந்த மேடைக்கு எந்தக் கவிஞரும் எழுதவில்லை. அவனேதான் எழுதிக்கொண்டான்.

இலக்கியத்தைவிடக் கடிதம் உயர்ந்தது என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். குப்பையை வாசிக்காதவர் இலக்கியத்தையும் பாதியாகவே வாசிக்கிறார் என்பதுதான் என் வாதம். அதே மெனாண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாழியில் கிடைத்த நாடகம் ஒன்றில், எறியப்பட்ட குழந்தையை ஓர் ஆட்டிடையன் கண்டெடுத்து, கரி சுடுபவன் ஒருவனுக்குக் கொடுக்கிறான். குழந்தையோடு கிடந்த நகைகள் யாருக்கு என்று இருவரும் சண்டையிட, வழியில் போகும் கிழவர் ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். குழந்தை தன் பேரன் என்பது அவருக்குத் தெரியாது. கடைசியில் எல்லாம் சுபம். இதை வெறும் நாடக உத்தி என்று பாடநூல் வாசகர் கடந்துபோவார்.

இப்போது ஹிலாரியன் என்ற கூலித் தொழிலாளி கி.மு. 1இல் அலெக்சாந்திரியாவிலிருந்து மனைவி ஆலிஸுக்கு எழுதிய கடிதத்தை வாசியுங்கள். சின்னவனைப் பார்த்துக்கொள் என்று மன்றாடுகிறான். சம்பளம் கைக்கு வந்ததும் அனுப்பிவைக்கிறேன் என்கிறான். அடுத்த வரியில், பிறப்பது ஆணாக இருந்தால் இருக்கட்டும், பெண்ணாக இருந்தால் எறிந்துவிடு என்கிறான். அதற்கு அடுத்த வரியில், ‘என்னை மறந்துவிடாதே’ என்று சொல்லி அனுப்பினாயாமே, உன்னை எப்படி மறப்பேன், கவலைப்படாதே என்கிறான். இந்த மூன்று வரிகளுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை. அந்த மனிதனை அரக்கன் என்று ஒதுக்கவும் முடியவில்லை, நெஞ்சில் சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை. நாவலாசிரியர் தூக்கம் இழக்க வேண்டிய இடம் இது.

எறியப்பட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதையும் அதே குப்பைதான் சொல்கிறது. பெசூரிஸ் என்பவன் குப்பைமேட்டிலிருந்து ஓர் ஆண் குழந்தையை எடுத்து, சராயூஸ் என்ற பெண்ணிடம் கூலிக்குப் பால் கொடுத்து வளர்க்க ஒப்படைக்கிறான். அந்தக் குழந்தை இறந்துவிட்டது என்கிறாள் அவள். இறந்தது உன் பிள்ளை, உயிரோடு இருப்பது என் அடிமை என்று அவன் குழந்தையைப் பறித்துக்கொண்டு போகிறான். கி.பி. 49இல் வழக்கு வருகிறது. குழந்தையின் முகச்சாயல் சராயூஸுடையதாக இருக்கிறது, எடுத்த குழந்தை இறந்ததைக் கணவனும் மனைவியும் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்துவிட்டுத் தன் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளட்டும் என்று அதிகாரி தீர்ப்பளிக்கிறார். மெனாண்டரின் கிழவர் சொன்ன தீர்ப்பையும் இந்தத் தீர்ப்பையும் அருகருகே வைத்து வாசித்தபோது, அந்த நாடகத்துக்கு அன்றைய அரங்கில் சிரித்தவர்களில் எத்தனை பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

கிரேக்க மொழியில் ‘கோப்ரியா’ என்றால் சாணமும் குப்பையும் கொட்டும் மேடு. எகிப்தின் வரிப் பட்டியல்களிலும் பத்திரங்களிலும் கோப்ரியா என்று பெண்களும் கோப்ரியூஸ் என்று ஆண்களும் வருகிறார்கள். குப்பையிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்பது ஒரு விளக்கம். எல்லோரும் அப்படியல்ல, பெற்றவர்களே குழந்தையைக் காப்பதற்காக வைத்த பெயராகவும் இருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இரண்டாவது விளக்கம் தமிழருக்கு ஆராய்ச்சியில்லாமலேயே புரியும். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, எமனுக்கு வேண்டாத பொருளாகட்டும் என்று குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைத்த மண் இது. ஒரு தாயின் பயம்தான் அந்தப் பெயர்.

என் பாட்டியின் பெயர் குப்பம்மாள். அவளுக்கு முன் பிறந்த மூவர் தங்கவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. ‘அவருக்கு எழுத்து தெரியாததால் அவருக்காக நான் எழுதினேன்’ என்ற வரி பாப்பிரஸ் பத்திரங்களின் அடியில் திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் திண்ணையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனாகிவிடுகிறேன். பெரிய அத்தை பிலாயில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், மூன்றாம் வகுப்புவரை படித்தவள். மாதம் ஒரு இன்லண்ட் கடிதம் வரும். நான் வாசித்துக் காட்டுவேன், பாட்டி சொல்லச் சொல்லப் பதில் எழுதுவேன். வாசித்து முடித்த கடிதத்தை உத்தரத்தில் தொங்கிய வளைந்த கம்பியில் குத்திவைப்பாள். இருபது வருடக் கடிதங்கள் அந்தக் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

பாட்டி இறந்த வருடம் எனக்கு இருபத்திரண்டு வயது. இலக்கியம் தெரிந்தவன் என்ற நினைப்பு தலைக்கேறியிருந்த பருவம். வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தாத்தா எழுதிவைத்த வெண்பா நோட்டுகளை எடுத்துப் பட்டுத்துணியில் சுற்றிவைத்தேன். கம்பியிலிருந்த கடிதங்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அந்த நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. தளை தட்டாத வெண்பாக்கள், அவருக்கு முன்னூறு வருடம் முன்பே எவரும் எழுதியிருக்கக்கூடியவை. பரணில் சென்ற மாதம் என் கையில் அகப்பட்டது அந்தக் கம்பி, துருப்பிடித்து, வெறுமையாக. ம., உங்கள் கடிதத்தில் இருந்த ‘குப்பை’ என்ற சொல் நான் அன்று சொன்ன அதே சொல். ஆகவேதான் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவலுக்கு எதை வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். தியோனின் கடிதத்தையும் சராயூஸின் வழக்கையும் முதலில் உங்கள் கையால் பிரதி எடுங்கள். மற்றவை தாமாகவே வந்து சேரும்.

அத்தையின் இருபது வருடக் கடிதங்களில் எனக்கு ஒரு வரி மட்டும் நினைவிருக்கிறது, அதுவும் பாதி. மழை என்பதை அவள் எப்போதும் ‘மளை’ என்றுதான் எழுதுவாள். ‘இங்கே மளை இல்லை அம்மா, ஆனால்’ என்று தொடங்கும் வரி. அதை வாசித்துக் காட்டியபோது பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்பதை எவ்வளவு முயன்றும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.