அலியா, டைசனா, மார்சியானோவா? வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் ஞாயிறுதோறும் குத்துச்சண்டை பற்றி ஒரே வழக்குத்தான். முகம்மது அலியை மெர்டேக்கா அரங்கில் நேரில் பார்த்த என் பெரியப்பா, அவரை வெல்ல ஆளே கிடையாது என்கிறார். செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் என் தம்பியோ, மைக் டைசன் முன்னால் அலி இரண்டு சுற்றுக்கூடத் தாங்க மாட்டார் என்கிறான். இருவரும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்?
– வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: பெரியப்பாவை முதலில் சற்று வருத்தப்படுத்த வேண்டியிருக்கிறது. 1975 ஜூலை முதல் தேதி காலையில், அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்றபடி கோலாலம்பூரில் நடந்த போட்டியில், ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுகள் ஆடிப் புள்ளிக் கணக்கில் வென்ற அலிக்கு அப்போது 33 வயது. முன்பிருந்த கால்வேகம் குறைந்து, கயிற்றில் சாய்ந்து அடிகளைத் தாங்கிக்கொண்டே எதிராளியைக் களைக்க வைக்கும் வித்தைக்கு அவர் மாறியிருந்தார். அந்த அலியை டைசனுக்கு எதிரே நிறுத்துவது நியாயமன்று. நிறுத்த வேண்டியவர், 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் சாய்த்த அலி. டைசனிலும், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் முடித்த டைசனைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம், கைவீச்சு, அதாவது இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிகளுக்கு இடையிலான நீளம், 78 அங்குலம். டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம், கைவீச்சு 71 அங்குலம். ஆகவே டைசன் அடிக்க வேண்டுமானால் உள்ளே நுழைந்தாக வேண்டும். கையுறைகளைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டியபடியே குத்துகளுக்கு அடியில் புகும் கலையைப் பயிற்றுநர் கஸ் டமாட்டோ அவருக்குச் சிறு வயதிலேயே ஊட்டியிருந்தார். உங்கள் தம்பிக்குச் சாதகமான செய்தி இன்னொன்றும் உண்டு. அலி கைகளைத் தாழ்த்தி, குத்து வரும்போது தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்புகிறவர். அந்தப் பழக்கத்துக்கு எமன் இடது கை வளைவுக் குத்து. 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பரும், 1971இல் நியூயார்க்கில் ஜோ பிரேசியரும் அவரைத் தரையில் தள்ளியது அதே குத்தால்தான். டைசனின் இடது கையோ அவ்விருவர் கைக்கும் குறைந்ததன்று.

ஆனால் இருமுறையும் அலி எழுந்துவிட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. டைசனின் வழக்கம் முதல் நான்கு சுற்றுக்குள் கணக்கைத் தீர்ப்பது. கணக்கு நீண்டால் அவர் தலையாட்டம் குறைந்து, ஒற்றைக் குத்துகளுக்காகக் காத்து நிற்கத் தொடங்குவார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில், நீண்ட கைகள் கொண்ட பஸ்டர் டக்ளஸ் இடைவிடாமல் இடது நேர்க்குத்தை விட்டு அவரைத் தூரத்திலேயே நிறுத்தி, எட்டாம் சுற்றில் தாமே விழுந்தெழுந்தும் பத்தாம் சுற்றில் சாய்த்தார். டைசன் அன்று சரியாகத் தயாராகி வரவில்லை என்பார்கள்; இருக்கட்டும், வழி தெரிந்துவிட்டதல்லவா? அந்த வழியில் டக்ளஸைவிட வேகமாக நடக்கக்கூடியவர் 1966இன் அலி. நான்காம் சுற்றுக்குள் அலி ஒரு முறை தரையைத் தொடுவார், பத்தாம் சுற்றையொட்டி நடுவர் போட்டியை நிறுத்தி டைசனைக் காப்பாற்றுவார் என்பது என் தீர்ப்பு. போட்டியை ஆறு சுற்றாகக் குறைத்தால் தம்பி சொல்லும் டைசனே வெல்வார்.

கேள்வி: ஒருமுறைகூடத் தோற்காத, 1950களின் உலகச் சாம்பியன் ராக்கி மார்சியானோ இருக்க, மற்றவர்களைப் பற்றி எதற்கு இந்த வாதம்?
– வாசகி, அதே ஊர்

பதில்: 49 போட்டி, 49 வெற்றி, அவற்றில் 43 எதிராளி எழாமலோ தொடர முடியாமலோ முடிந்தவை. மறுப்பதற்கில்லை. எனினும் ஏறத்தாழ 185 ராத்தல் (பவுண்டு) எடையில் ஆடிய அவர், இன்றாக இருந்தால் அலியும் டைசனும் ஆடிய கன எடைப் பிரிவுக்குக் கீழான, 200 ராத்தலுக்கு உட்பட்ட குரூசர் பிரிவிலேயே நின்றிருப்பார். 1951இல் அவரிடம் வீழ்ந்த முன்னாள் உலகச் சாம்பியன் ஜோ லூயிஸ் 37 வயதைத் தாண்டியவர் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

நீங்கள் கேட்டது வேடிக்கையாக ஒருமுறை நடந்தும் இருக்கிறது. 1969இல் ஓர் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், இருவருடைய விவரங்களையும் கணினியில் செலுத்தி, அலியையும் மார்சியானோவையும் மேடையேற்றிப் படம்பிடித்தார். மார்சியானோ அதற்காக உடல் இளைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி அணிந்து வந்தார். முடிவு தெரியாமலிருக்க வெவ்வேறு முடிவுகளைப் படமாக்கினார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் வென்றார். அதைப் பார்க்க அவர் இல்லை, முந்தைய ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

அந்தக் கணினித் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மார்சியானோவின் முகம் எளிதில் கிழியும். 1954 செப்டம்பரில் எஸர்ட் சார்லஸ் அடியில் மூக்கே பிளந்து, நடுவர் நிறுத்துவதற்குள் எட்டாம் சுற்றில் எதிராளியை வீழ்த்தித்தான் பட்டத்தைக் காத்தார். சார்லஸ் எதிரே நின்று மோதினார். அலி நிற்க மாட்டார். எனவே பதினோராம் சுற்றளவில் இரத்தப்பெருக்கால் போட்டி நிறுத்தப்படும், மார்சியானோ அதை எதிர்த்து நடுவரோடு சண்டைக்குப் போவார் என்றே நினைக்கிறேன்.